சாலமன் முடிச்சு

சத்யபிரியா டீச்சர் அதைக் கேட்டபோது சாலமன் அவளுக்குக் கொடுப்பதற்காகக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த சாலமன் முடிச்சு சாலமன், நீங்கதானா?"

சாலமனுக்கு அறுபத்து மூன்று வயது. ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருஷம் கலாசியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் பெட்டியைக் கிரேன் தூக்குவதற்கு முன்னால் அதற்குக் கயிறும் சங்கிலியும் கட்டிவிடுவது அவர் வேலை. அவர் கட்டியதில் ஒன்றுகூட நழுவியதில்லை. அதனால், தன் பெயரில் ஒரு முடிச்சு இருக்கிறது என்று கேட்டதும் மனிதர் ஒரு நொடி பூரித்துப்போனார், பாவம்.

"எந்த முடிச்சும்மா அது?"

டீச்சருக்கு முகம் சுருங்கியது. அவள் திருநீர்மலை ஏரிக்கரையில் இருக்கும் கடல் சாரணர் குழுவுக்குத் தலைவி. பொன்விழாவுக்குப் பழைய உறுப்பினர்களைத் தேடிப் பிடித்து அழைத்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் படப்பை வரை வந்து, மார்க்கெட் தெருவில் விசாரித்து, இந்த வீட்டுப் படியேறியிருந்தாள். வந்த இடத்தில் வாய் முந்திவிட்டது.

குழுவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கடலுக்கும் அதற்கும் நடுவே பத்துப் பதினைந்து கிலோமீட்டரும் லட்சம் வீடுகளும் இருக்கின்றன. இருந்தும் பெயர் கடல் சாரணர் குழு. எழுபத்தைந்தில் பள்ளிக்கூட வாத்தியார் தோத்தாத்ரி ஆரம்பித்தது. கடல் இல்லாவிட்டால் என்ன, ஏரி இருக்கிறதே என்றார். ஓட்டுக் கொட்டகை ஒன்றைப் போட்டு அதைக் கப்பல் என்று அழைத்தார். கொட்டகையின் தரைக்கு மேல்தளம் என்று பெயர். வீட்டுக்குக் கிளம்பும் பையன் "போய்ட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது, "கரைக்குப் போகிறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். காயலான் கடையில் வாங்கிய கப்பல் மணி ஒன்று இன்றைக்கும் அங்கே தொங்குகிறது. உலகமெங்கும் சாரணர்கள் இடக்கையால்தான் கை குலுக்குவார்கள். இவர்களும் அப்படித்தான். ஊர்க்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். தோத்தாத்ரி சார் சட்டை செய்யவில்லை. ஐம்பது வருஷமாக ஒரு வழக்கமும் விட்டுப்போகவில்லை.

அந்த வழக்கங்களில் ஒன்றுதான் டீச்சர் வாயில் வந்து மாட்டியது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "புதுசா சேர்ற பசங்க முதல்ல ஒரு தப்பு முடிச்சு போடணும் சார். ரெண்டு பக்கமும் இழுத்தா அவிழ்ந்துடும். உடனே அவங்களே சத்தமா அந்த முடிச்சோட பேரைச் சொல்லணும். எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் சரியான முடிச்சைப் போட்டுக் காட்டிட்டு, அங்க இருக்கறதுலயே சீனியர் யாரோ அவருக்கு இடது கையைக் குடுக்கணும். தோத்தாத்ரி சார் வச்ச வழக்கம். கட்டினவன் பேர்தான் முடிச்சுக்குன்னு அவர் சட்டம். 77-ல படகைத் தொலைச்ச பழைய முடிச்சைக்கூட கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கோம். கீழ உங்க பேர் எழுதியிருக்கு சார்."

"எத்தினி பசங்க?"

"சார்?"

"இதுவரிக்கும் எத்தினி பசங்க எம் பேரைச் சொல்லிக் கீறாங்க?"

"ஆயிரம் பேருக்கு மேல இருக்கும் சார்," என்றாள் டீச்சர், அழாக்குறையாக.

சாலமன் காப்பியை அவள் கையில் கொடுத்தார். கொடுத்த கை இடக்கை. அவருக்கு எல்லாமே இடக்கைதான். அடிவயிற்றில் பற்றிக்கொண்ட நெருப்பு மூக்கு வழியாகவும் காது வழியாகவும் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் காப்பி தளும்பவில்லை.

படகு தொலைந்த கதை இதுதான். தோத்தாத்ரி சாரும் பையன்களும் எட்டு மாசம் பாடுபட்டு ஒரு மரப்படகு செய்தார்கள். எழுபத்தேழு ஐப்பசியில் வெள்ளோட்டம். சாலமனுக்கு அப்போது பதினைந்து வயது. ஏரிக்கு அந்தப்பக்கக் காலனியில் கூலிவேலை செய்தவரின் மகன். முடிச்சுப் போடுவதில் குழுவிலேயே கெட்டிக்காரன். அன்று படகைக் கரையில் கட்டும் பொறுப்பு அவனுடையது. நாள்குறிப்பேட்டில் முன்கூட்டியே அவன் பெயர் எழுதப்பட்டிருந்தது. கரையில் இரண்டு கல்தூண்கள். இரண்டிலும் கயிற்றுத்துண்டு இருக்கும். படகின் முன்கயிற்றையும் பின்கயிற்றையும் அவற்றோடு இணைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சாலமன் கயிற்றை எடுத்தான். பக்கத்தில் நின்ற வேதாசலம் அதைப் பிடுங்கிக்கொண்டான். வேதாசலத்துக்குப் பதினேழு வயது, அணித்தலைவன். கொட்டகை இருந்த இடமே அவன் அப்பா கொடுத்தது. "நவுர்ரா. புதுப் படகை எவனாவது நொட்டாங்கையில கட்டுவானா? ஆவாது," என்றான். இடக்கை என்பது வெளியே சொன்ன காரணம். காலனிப் பையன் கை என்பது சொல்லாத காரணம். இரண்டும் சாலமனுக்குப் புரிந்தது. "சரிண்ணா," என்று ஒதுங்கிக்கொண்டான்.

அன்று ராத்திரி மழை. முன்கயிறு அவிழ்ந்துகொண்டது. பின்கயிற்றின் முடிச்சு கோணலாக இறுகிப்போய்த் தூணிலேயே தங்க, படகின் வளையம் பிய்த்துக்கொண்டது. அந்த முடிச்சுதான் இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. படகு மதகில் மோதிச் சுக்கல் சுக்கலானது. விடிந்ததும் தோத்தாத்ரி சார் கேட்டார், "யார் கட்டியது?" குறிப்பேட்டில் சாலமன் பெயர் இருந்தது. வேதாசலம் அதைக் காட்டினான். சாலமன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனைக் கப்பல் வேலைக்கு எடுத்துக்கொள்ளும்படி பயிற்சிக் கப்பலுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதி வைத்திருந்தார் தோத்தாத்ரி சார். அதை அவன் கண்ணெதிரே கிழித்தார். அன்றோடு குழுவும் போயிற்று, கடலும் போயிற்று. சாலமன் அதற்குப் பிறகு அந்த ஏரிப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

குழு தன்னைத் துரத்தியதோடு விட்டுவிட்டது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். விடவில்லை. வருஷா வருஷம் இழுத்து வந்து சிரித்திருக்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவன் வேதாசலம். இன்றைக்கு அவன் குழுவின் புரவலர், ஜி.எஸ்.டி. ரோட்டில் இரண்டு கல்யாண மண்டபங்களுக்குச் சொந்தக்காரர்.

"எங்க புரவலர் வேதாசலம்தான் சார் இந்த வாட்டி புதுப் படகும் வாங்கித் தந்திருக்கார்," என்றாள் டீச்சர். "பொன்விழா அன்னிக்கு அவரே முதல் கட்டு கட்டறார். பதினோரு பசங்க புதுசா சேர்றாங்க. அவர் பேத்தி தேவதர்ஷினிகூட. நீங்க வர முடியலைன்னா நான் புரிஞ்சுக்கறேன்."

"வரேன்மா," என்றார் சாலமன். "ஒரே ஒரு ஆசை. அவரை விட்டா நான்தான இருக்கறதுல பழைய ஆளு? அவருக்குக் கயிறு எடுத்துக் குடுக்கற வேலைய எனக்குக் குடு. கயிறும் நானே வாங்கியாறேன். அந்தக் கண்ணாடிப் பெட்டி மேடையில இருக்கட்டும்."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் போனதும் மனைவி சரோஜினி அடுக்களையிலிருந்து வந்தாள். அவளுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. "இன்னாத்துக்கு இந்த வேலை? நாப்பத்தெட்டு வருசம் ஆச்சு."

"எனக்கு இன்னிக்குத்தாண்டி ஆச்சு."

"வாரம் தவறாம மாதா கோயிலுக்குப் போயி, கடன்காரங்களை மன்னிக்கறாப்புலன்னு ஜெபம் பண்றியே, அது?"

"இந்த ஞாயித்துக்கெழம விழா கீது. அடுத்த வாரம் மன்னிச்சிக்கறேன்."

சரோஜினி டீச்சர் குடித்த தம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

சாலமன் படப்பை மார்க்கெட்டுக்குப் போய்க் கயிறு வாங்கினார். பருத்திக் கயிறு வேண்டாம் என்றார். பருத்தியில் தப்பு முடிச்சுகூடச் சில சமயம் கவ்விக்கொண்டு மானத்தைக் காப்பாற்றிவிடும். புது நைலான் அப்படியில்லை, வழவழவென்று யாருக்கும் சலுகை காட்டாது. வீட்டுக்கு வந்து ஜன்னல் கம்பியில் கட்டிக் கட்டிப் பார்த்தார். சரியான முடிச்சு என்றால் வலது முனை இடதின் மேல் போக வேண்டும், அடுத்த சுற்றில் இடது முனை வலதின் மேல். தப்புச் செய்கிறவன் இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டுவிடுவான். எந்தப் பக்கம் என்பதை அவன் கை தீர்மானிக்கும். வலக்கைக்காரன் போடும் தப்பு ஒரு பக்கம் சாயும். இடக்கைக்காரன் போட்டால் கண்ணாடியில் பார்த்த மாதிரி மறுபக்கம் சாயும். முப்பத்தாறு வருஷம் எத்தனையோ பேர் கட்டியதை அவிழ்த்துத் திருத்தியவருக்கு இது அரிச்சுவடி.

ஆனால் வேதாசலம் இந்த நாற்பத்தெட்டு வருஷத்தில் கற்றுக்கொண்டிருந்தால்? சரியாகக் கட்டிவிட்டால்? அப்புறம் சாலமன் என்ற பெயரைக் கர்த்தரே வந்தாலும் அந்தக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுக்க முடியாது. அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஏரிக்கரையில் ஷாமியானா. பின்னால் மலைக்கோயில் கோபுரம். முந்நூறு பேர் இருந்தார்கள், பாதிப் பேர் பழைய சாரணர்கள். வெள்ளைத் தொப்பி அணிந்த பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கப்பல் மணி அடித்தது. பட்டு வேட்டியில் வேதாசலம் மேடையிலிருந்து இறங்கி வந்தார். சாலமனைப் பார்த்ததும் ஒரு கணம் முழித்தார். பிறகு ஒயர்லெஸ் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோய், "அடடே, நம்ம சாலமன்! பேர் பெத்த ஆளாச்சே," என்றார். கூட்டம் சிரித்தது.

சாலமன் குனிந்து கயிறுகளை எடுத்தார். "புதுப் படகுண்ணா," என்றார் பணிவாக. "எங்கையால வேணாம். நீங்களே கட்டுங்க. முன்கயிறு, பின்கயிறு ரெண்டும்."

வேதாசலத்துக்கு எதுவும் உறைக்கவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்கு உறைக்காது. அவர்கள் சொன்னது அவர்களுக்கு மறந்துபோகும், வாங்கிக்கொண்டவனுக்குத்தான் மறக்காது. மைக்கை டீச்சரிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றை வாங்கினார். சாலமன் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது முனை இடதின் மேல் போயிற்று. ஒரு சுற்று. அடுத்து எந்த முனை என்று கை ஒரு நொடி தயங்கியது. மறுபடியும் வலது முனைதான் இடதின் மேல் போயிற்று. பின்கயிற்றிலும் அதே கதை. நாற்பத்தெட்டு வருஷத்தில் புரவலர் ஒரு கயிற்றைக்கூடத் தொட்டதில்லை, தொட்டவர்களைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

"வழக்கம்போல பசங்க இழுத்துப் பாக்கட்டும்மா," என்றார் சாலமன்.

பிள்ளைகள் ஐந்து பேர் இந்தப்பக்கமும் ஐந்து பேர் அந்தப்பக்கமுமாக முன்கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். நைலான் தன் வேலையைச் செய்தது. முடிச்சு வழுக்கிக்கொண்டு கழன்றது. பத்துப் பிள்ளைகளும் புல்லில் மல்லாந்தார்கள். விழுந்த வேகத்தில், பழக்கதோஷத்தில், ஒரே குரலாகக் கத்தினார்கள்:

"சாலமன்! சாலமன்!"

முந்நூறு பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். வேதாசலம்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மைக்கைத் திரும்ப வாங்கி, "கயிறு எடுத்துக் குடுத்த கை அப்டி. நான் இன்னா பண்ண?" என்றார்.

இதை சாலமன் எதிர்பார்க்கவில்லை. கட்டியவன் அவன், கண்ணெதிரே கட்டினான், அப்போதும் விழுந்தது இவர் பெயர்தான். ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மேடைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியை எடுத்து வந்தார். திறந்தார். கறுத்துக் காய்ந்துபோன அந்தப் பழைய முடிச்சை வெளியே எடுத்தார்.

"டீச்சரம்மா, உனக்கு முடிச்சு தெரியும். இது 77-ல கட்டினது. அந்தப் பின்கயித்துல கீறது அண்ணன் இப்ப கட்டினது. பக்கத்துல வச்சிப் பாரு." மிச்சமிருந்த நைலான் துண்டை எடுத்துத் தன் இடக்கையால் அதே தப்பை வேண்டுமென்றே போட்டார். "இது நான் கட்டினது. பொறந்ததுலேருந்து எனக்கு நொட்டாங்கை. மூணையும் பாத்துட்டு, எது எதோட சேருதுன்னு நீயே சொல்லு."

சத்யபிரியா குனிந்து பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பழைய முடிச்சும் பின்கயிற்று முடிச்சும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. சாலமனின் முடிச்சு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. பழைய சாரணர்களும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் முடிச்சு தெரியும். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

"சார்," என்று டீச்சர் வேதாசலத்தைப் பார்த்தாள். "77-ல படகைக் கட்டினது நீங்களா?"

"அதெல்லாம் சின்ன வயசும்மா. அந்தக் காலத்துல எவன் கட்டினான், எவன் அவுத்தான், யாருக்கு ஞாபகம் கீது?"

மைக் அவர் கையிலேயே இருந்தது. ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. கட்டவில்லை என்று அவர் சொல்லவில்லை. அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

சத்யபிரியா வழக்கங்களை மதிக்கிறவள். அதில் ஆள் பார்க்க மாட்டாள். பிள்ளைகள் பக்கம் திரும்பி, நடுங்கும் குரலில்தான், ஆனால் தெளிவாகச் சொன்னாள். "கட்டினவர் பேர்தான் முடிச்சுக்கு. இது தோத்தாத்ரி சார் போட்ட சட்டம். நாம தப்பான பேரைச் சொல்லிட்டிருந்தோம். இன்னிலேருந்து சரியான பேரைச் சொல்லுவோம். வரிசையில நில்லுங்க."

புரவலருக்கு முன்வரிசை என்பதால், அவருக்கு அடுத்தபடி பழையவரான சாலமனை மூத்தவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்போது வேதாசலம் மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் வந்தார். அவருக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து பேசினார்.

"சாலமா, எம் பேத்தி வரிசையில நிக்குதுடா. அது வாயால அதைச் சொல்ல வைக்காதே. நீ சொன்னா டீச்சர் கேக்கும். உனக்கு இன்னா வேணுமோ எழுதித் தரேன். தப்புதான், ஒத்துக்கறேன். கையக் குடு." சாரணர் வழக்கப்படி இடக்கையை நீட்டினார்.

நீட்டிய கையை சாலமன் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும். சொல்லலாம். ஆனால் கிழிந்த கடிதம் கண் முன்னால் வந்தது. வாழ்நாளில் ஏறாத கப்பல்கள் எல்லாம் வந்தன. மல்லாந்து விழுந்து சிரித்த ஆயிரம் பிள்ளைகள் வந்தார்கள்.

"அது நொட்டாங்கைண்ணா," என்றார். "நல்ல நாளும் அதுவுமா. ஆவாது."

கை அந்தரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கீழே இறங்கியது. வேதாசலம் போய் முன்வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்தார். புரவலர் எழுந்து போகக்கூடாது என்பதும் ஒரு வழக்கம்.

முதல் பையன் தப்பு முடிச்சைப் போட்டான். இழுத்தான், அவிழ்ந்தது. டீச்சரைத் தயக்கத்தோடு பார்த்துவிட்டு, "வேதாசலம்!" என்றான். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது பிள்ளை சொன்னபோது பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஐந்தாவது பிள்ளை வருவதற்குள் கூட்டத்துக்குப் பழகிவிட்டது, பழையபடியே சிரித்தது. சாலமனுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், கல்கண்டு மாதிரி இனித்தது. ஒவ்வொரு பிள்ளையும் வந்து அவருக்கு இடக்கையைக் கொடுத்துவிட்டுப் போயிற்று. வேதாசலம் வேட்டியின் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றாவதாக தேவதர்ஷினி வந்தாள். பத்து வயது, இரட்டைச் சடை. தப்பு முடிச்சைப் போட்டாள். இழுத்தாள். அவிழ்ந்தது. தன் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். முந்நூறு பேரும் காத்திருந்தார்கள். சாலமன் அப்போதுகூட எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

"வேதாசலம்," என்றாள் அவள். சத்தமாக, வழக்கப்படி. பிறகு சரியான முடிச்சைப் பிசகாமல் போட்டுக் காட்டினாள். அன்று பதினோரு பேர் போட்டதில் அதுதான் கச்சிதம் என்று சாலமனின் கண்ணுக்குத் தெரிந்தது.

நேராக அவரிடம் வந்து இடக்கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். சின்னக் கை, ஜில்லென்று இருந்தது. அவள் அழவில்லை. ஆனால் உதடு துடித்தது.

"இனிமே எவ்ளோ வருஷத்துக்கு எங்க தாத்தா பேரைச் சொல்லுவாங்க, தாத்தா?" என்று கேட்டாள்.

சாலமன் யோசிக்கவே இல்லை. பதில் அவரிடம் தயாராக இருந்தது.

"நாப்பத்தெட்டு," என்றார்.